யன்னற்படியில் இறங்கும் மாரி

திருகோணமலை நகரம் ஒடுங்கிய நிலமொன்றில் அமைந்திருக்கிறது. கிழக்கே திறந்த வங்கக் கடல். மேற்கே உட்துறைமுகம். டைக் வீதியும் உட்துறைமுக வீதியும் பிரெட்றிக் கோட்டைக்குப் போகும் பாதையும் இந்த இடைப்பட்ட நிலத்தில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. இங்கே பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு மாரி பிடித்துச் சில நாட்களிலேயே ஒரு கறை தெரியத் தொடங்கிவிடும். வடகிழக்கைப் பார்த்த யன்னலின் கீழே, உட்சுவரில், இரண்டு மூலைகளிலிருந்தும் தாடி இறங்கினதுபோல ஈரம் பரவும். பூச்சு பொருமும், விளிம்பில் உப்புப் பூக்கும், பின்னால் கரும்பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கும். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவார்கள். கோடையில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினதும் கறை காய்ந்து மங்கும். பெயின்ற் அடிப்பார்கள். அடுத்த நவம்பரில் கறை அதே இடத்துக்கு வந்துவிடும்.

“போன வருசமும் பூசினது தம்பி. திரும்பவும் அதே இடத்திலதான் ஊறுது.”

“உள்ளுக்க பூசி என்ன அன்ரி செய்யிறது? தண்ணி வெளியால எல்லோ வருது. முதல்ல படியப் பாப்பம்.”

அனுபவப்பட்ட மேசன் இப்படித்தான் தொடங்குவார். யன்னல் நிலைக்குக் கீழே, சுவரின் தடிப்பை மூடிக் கிடக்கும் அந்தப் படியை வீட்டில் யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பூச்சட்டி வைப்பார்கள், துணி காயப் போடுவார்கள். ஆனால் கடலோரத்துப் பழைய சுவர் ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் அந்த ஒரு சாண் அகலப் படியில்தான் தங்கியிருக்கிறது.

எவ்வளவு தண்ணீர் அங்கே வந்து சேர்கிறது என்று முதலில் கணக்குப் பார்ப்போம். திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான நான்கு மாதங்களுக்குள் கொட்டிவிடும். அந்த மழை நேராக விழுவதும் இல்லை. 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு மழைத்துளி செக்கனுக்கு ஏறத்தாழ 6.5 மீற்றர் வேகத்தில் இறங்கும். காற்றும் அதே வேகத்தில், அதாவது மணிக்கு 23 கிலோமீற்றர் அளவில் அடித்தால், துளி 45 பாகையில் சாய்ந்து வரும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில் கடற்கரையில் அது பெரிய காற்றே இல்லை. அந்தச் சாய்வில் தரையில் விழும் அளவு மழை சுவரிலும் விழும். ஒரு மணித்தியாலத்தில் 10 மில்லிமீற்றர் மழை என்றால், சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் நோக்கி 10 லீற்றர் தண்ணீர் வருகிறது.

சுண்ணாம்புச் சுவர் தன்மேல் விழுவதில் ஒரு பங்கைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு ஆவியாக விட்டுவிடும். கண்ணாடி ஒரு துளியும் குடிக்காது. 1.2 மீற்றர் அகலமும் உயரமும் உள்ள யன்னலில் படும் தண்ணீர் முழுவதும் வழிந்து கீழே படியில்தான் சேரும். சுவரில் மோதும் காற்று விலகி ஓடுவதால் துளிகளில் ஒரு பங்கு தப்பிப் போகும். பாதிதான் படுகிறது என்று வைத்தாலும் மணிக்கு 7 லீற்றர் வருகிறது. இரவு முழுக்க மழை பெய்தால் எத்தனை வாளி வரும் என்று நீங்களே பெருக்கிக் கொள்ளலாம். இத்தனையையும் வெளியே தள்ளி விழுத்துவதுதான் படியின் வேலை.

தள்ளி விழுத்துவது எளிதான காரியமும் அல்ல. மழை பெய்யும்போது படியின் முன்விளிம்பைக் குனிந்து பாருங்கள். மேலே ஓடி வந்த தண்ணீர் விளிம்பில் தடித்து நிற்கும். உடனே கீழே விழாது. விளிம்பைச் சுற்றி வளைந்து, படியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, சுவரை நோக்கிப் பின்னால் ஊர்ந்து போகும். தண்ணீருக்குத் தன் மூலக்கூறுகளோடும் கல்லோடும் உள்ள ஒட்டுதலே காரணம். இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்புக்குள் இருக்கும்வரை அந்த ஒட்டுதல் புவியீர்ப்பை வென்றுவிடும். அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் அந்தத் தண்ணீர்ப் படலம் நேரே சுவருக்குப் போய், படியும் பூச்சும் சேரும் கோட்டில் நுழையும்.

இதற்குப் பழைய கொத்து வேலைக்காரர் கண்ட வழி ஒரு காடி. படியின் அடிப்பக்கத்தில், முன்விளிம்பிலிருந்து 2 அல்லது 2.5 சென்ரிமீற்றர் உள்ளே, ஒரு சென்ரிமீற்றர் அகலமும் அதே அளவு ஆழமுமாக ஒரு பள்ளம் ஓடும். ஊர்ந்து வரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் தடைப்படும். பள்ளத்தைத் தாண்டவும் முடியாது, அதன் சுவரில் மேல்நோக்கி ஏறவும் எடை விடாது. அங்கேயே துளியாகத் திரண்டு சொட்டும். ஒரு சென்ரிமீற்றர் என்ற அளவு சும்மா வைத்ததல்ல. 2 மில்லிமீற்றர்க் கீறல் என்றால் தண்ணீர் அதை நிரப்பிக்கொண்டு மேலால் நடந்து போய்விடும். பழைய கருங்கற் படிகளிலும் இந்தக் காடியைக் காணலாம். புதிதாகச் சீமெந்தில் வார்க்கும் படிகளில் அது பல இடங்களில் இல்லை. இருக்கும் காடியும் பெயின்றாலும் பூச்சாலும் மூடிப் போயிருக்கும். கையெட்டும் தூரத்தில், காசில்லாமல் வெட்டக்கூடிய ஒரு பள்ளம் இல்லாததால் ஒரு சுவர் பழுதாவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

அடுத்தது வெடிப்பு. இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் மயிர்த்துளை விசையால் தண்ணீர் அதில் ஏறக்குறைய 1.5 சென்ரிமீற்றர் உயரம் ஏறும். இடைவெளி 0.1 மில்லிமீற்றர் ஆகச் சுருங்கினால் ஏற்றம் 15 சென்ரிமீற்றர். 0.01 என்றால் ஒன்றரை மீற்றர். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புத்தான் கூடுதலாக இழுக்கும். அதுவும் மேல்நோக்கி ஏறுவதற்கான கணக்கு. கிடையாகப் போவதற்கும் கீழே இறங்குவதற்கும் அந்த எல்லைகூடக் கிடையாது.

இந்த வெடிப்புகள் பிறக்கும் காலம் மாரி அல்ல, கோடை. மே தொடங்கி ஓகஸ்ட் வரை தரையிலிருந்து வரும் கச்சான் சூடாகவும் வறட்சியாகவும் வீசும். அந்த வறட்சி முதலில் யன்னல் நிலையின் மரத்தைத் தொடும். திருகோணமலைக் காடுகளின் மரம் பேர்போனது. சாவண்டலை என்று நாம் சொல்லும் மரம் உலகச் சந்தையில் இந்த ஊரின் பெயராலேயே அறியப்பட்டது. சென்னைக் கரையின் மசூலாப் படகுகளைக் கட்டுவதற்கு அது இங்கிருந்து ஏற்றுமதியானது. அப்படிப்பட்ட வைரமான மரமும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அகலத்தில் விரிந்து சுருங்கத்தான் செய்யும். நீளவாக்கில் அசைவு அநேகமாக இல்லை. மரத்திலுள்ள ஈரப்பதம் 5 சதவீதம் குறைந்தால், 10 சென்ரிமீற்றர் அகல நிலைச்சட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் ஒடுங்கும். பூச்சு அதோடு சேர்ந்து ஒடுங்காது. நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கோடு திறக்கும்.

சீமெந்துப் படிக்கு வேறு கதை. வெயிலில் கிடந்து 55 பாகை வரை சூடேறின படியில் திடீரென மழை விழுந்து 25 பாகைக்கு இறங்கினால், ஒன்றரை மீற்றர் நீளப் படி ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் குறுகும். மேலே சொன்ன 0.1 மில்லிமீற்றரோடு ஒப்பிட்டால் அது தாராளமான வாசல். படியின் இரு முனைகளும் சுவருக்குள் இறங்கும் மூலைகளில்தான் அந்த வாசல் திறக்கிறது. கறை நடுவில் தொடங்காமல் இரு மூலைகளிலும் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

காற்று சும்மா சாய்த்து மட்டும் விடுவதில்லை, அழுத்தவும் செய்கிறது. செக்கனுக்கு 10 மீற்றர் வேகக் காற்று சுவரில் மோதும்போது தரும் அழுத்தம் 6 மில்லிமீற்றர் தண்ணீரைத் தூக்கி நிறுத்தப் போதும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு, தண்ணீர் 24 மில்லிமீற்றர் ஏறும். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்குச் சற்று வடக்கே மணிக்கு 80 தொடக்கம் 90 கிலோமீற்றர் வேகக் காற்றோடு கரையேறியது. அந்த வேகத்துக்குக் கணக்கு 4 சென்ரிமீற்றரை நெருங்குகிறது. படியின் பின்பக்கம், நிலையோடு சேரும் இடத்தில், ஒரு வரம்பு எழுப்பியிருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இனிச் சுவருக்குள் போவோம். ஒல்லாந்தர் காலத்திலும் அதற்குப் பிறகு நெடுங்காலமும் கரையோரத்தில் கட்டியது முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு. முருகைக்கல்லையோ சிப்பியையோ 900 பாகை அளவில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றி நீற்றிய பின் மணலோடு சேர்த்துக் குழைத்தால் சாந்து. சுவரில் பூசிய பிறகு அது காற்றிலிருந்து கரியமிலவாயுவை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகும். சாந்தில் கருப்பட்டி நீர் சேர்த்த நம் பழக்கத்துக்கும் இரசாயனக் காரணம் உண்டு. வெறும் தண்ணீரைவிடச் சர்க்கரை நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும். இப்படிக் கட்டிய சுவர் நுண்துளைகள் நிறைந்தது. மாரியில் நனைந்து கச்சானில் காயும். சிறு வெடிப்பு விழுந்தால், கரைந்த சுண்ணாம்பு அதில் வந்து படிந்து தானே அடைத்துக்கொள்வதும் உண்டு.

பிறகு சீமெந்து வந்தது. 1950இல் காங்கேசன்துறை ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இன்று திருகோணமலைத் துறைமுகக் கரையிலேயே பெரிய சீமெந்து ஆலை இருக்கிறது. சீமெந்து நல்ல பொருள். புதிய வீட்டுக்கு அது இல்லாமல் முடியாது. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் அதைப் பூசும்போதுதான் கேடு வருகிறது. சீமெந்துப் பூச்சு இறுக்கமானது, கீழேயுள்ள சுவரோடு சேர்ந்து அசையாது. அதில் விழும் மயிர்வெடிப்பு தண்ணீரை உள்ளே உறிஞ்சும். உள்ளே போனது ஆவியாகி வெளியேற அந்தப் பூச்சு போதிய வழி விடாது. உட்பக்கத்துக்கும் ஈரம் தாங்கும் பெயின்ற் அடித்துவிட்டால் சுவர் இரண்டு பக்கமும் மூடப்பட்ட தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். ஈரத்தை நிறுத்தவென்று செய்யும் இந்த இரண்டு வேலைகளும் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கின்றன. வருவதைத் தடுக்க வேண்டும், போவதைத் தடுக்கக் கூடாது. பழைய வீட்டு ஈரத்தில் எனக்கு உறுதியாகச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

கடலோரத்தில் இதோடு உப்பும் சேர்கிறது. அலைத் தூவானத்தோடு காற்றில் வரும் உப்பு, சரியாகக் கழுவாத மணலில் இருந்த உப்பு, முருகைக்கல்லிலேயே இருந்த உப்பு எல்லாம் தண்ணீரில் கரைந்து சுவருக்குள் நடமாடும். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு மட்டும் மிஞ்சிப் படிகமாகும். அது பரப்பில் நடந்தால் வெள்ளையாகப் பூக்கும், துடைத்தால் போய்விடும். பூச்சுக்குப் பின்னால், துளைகளுக்குள் நடந்தால், வளரும் படிகம் துளையின் சுவரைத் தள்ளி உடைக்கும். பொருமி உதிர்வது அதனால்தான். எகிப்தில் மண்ணில் பூக்கும் உப்பு பிரமிட்டுகளையே அரிப்பதை 2,400 ஆண்டுகளுக்கு முன் ஹெரொடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார்.

உப்புக்கு இன்னொரு குணம் இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். மாரி நாட்களில் திருகோணமலைக் காற்று 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். ஆகவே படியைத் திருத்திய பிறகும், ஒரு துளி மழை படாத நாளிலும், உப்பேறிய சுவர் வியர்க்கும். வேலை பிழைத்துவிட்டது என்று மேசனோடு சண்டைக்குப் போகுமுன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் நனைவது மழையாலா, உப்பாலா, அறைக்குள் இருக்கும் ஆவியாலா? ஒரு பொலித்தீன் துண்டைக் கறையின் மேல் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் துளி பிடித்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் என்றால் அது காற்றிலிருந்து படிந்தது. கறையின் வடிவமும் பேசும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுவர் நீளத்துக்கு ஒரே மட்டத்தில் கோடு போட்டு நிற்கும். கூரை ஒழுக்கு மேலிருந்து தொடங்கும். யன்னலின் மூலைகளில் தொடங்கிக் கீழே அகலும் கறை அநேகமாகப் படியின் குற்றம்தான்.

படியிலும் எந்த இடம் என்று அறிய, மழையில்லாத நாளொன்றில் ஒரு பேணியும் தண்ணீரும் போதும். எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் படிக்குக் கீழேயுள்ள சுவரை மட்டும் நனைத்து அரை மணித்தியாலம் பொறுத்து உள்ளே பாருங்கள். பிறகு படியின் முன்விளிம்பு, பிறகு இரு மூலைகள், பிறகு நிலையின் அடிச்சட்டம், கடைசியாகப் பக்கச் சட்டங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே ஒன்றாக நனைந்து எது புகுந்தது என்று தெரியாமல் போகும். அதே வேளையில் படியின் மேல் ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் கவனியுங்கள். வீட்டை நோக்கி ஓடும் படிகள் நினைப்பதைவிட அதிகம்.

திருத்த நல்ல காலம் பெப்ரவரி, மார்ச். மழை ஓய்ந்திருக்கும், கச்சான் பிடித்திராது. சுண்ணாம்புச் சாந்து கடும் வெயிலில் காய்ந்தால் வெடிக்கும், ஆகவே ஈரச்சாக்கு தொங்கவிட்டுப் பாதுகாக்க வேண்டும். படியின் மேற்பரப்பைக் கொத்தி, அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெளிப்பக்கம் சாய்வு கொடுக்க வேண்டும். 15 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 1.5 சென்ரிமீற்றர் இறக்கம். முன்விளிம்பு பூச்சைவிட 4 சென்ரிமீற்றராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடியில் காடி. பின்னால் வரம்பு. இரண்டு முனைகளிலும் சிறு அணை, தண்ணீர் பக்கவாட்டில் சுவருக்குள் ஓடாமல் இருக்க.

நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை இறுக்கமான சாந்தால் அடைத்தால் அடுத்த கச்சானில் மறுபடி திறக்கும். மரம் அசையும் இடத்தில் அசையக்கூடிய பொருள்தான் நிற்கும். நுரைக் கயிற்றை முதலில் உள்ளே திணித்து, அதன்மேல் இழுபடும் பசையை, அகலத்தில் பாதி ஆழத்துக்கு இடுவார்கள். கயிறு வெறுமனே இடத்தை நிரப்ப வைப்பதல்ல. பசை இரண்டு பக்கமும் மட்டும் ஒட்டியிருந்தால் ரப்பர்போல இழுபட்டுச் சுருங்கும். பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால் இழுபட இடமில்லாமல் நடுவால் கிழியும். அந்தப் பின்பக்க ஒட்டுதலைத் தடுக்கத்தான் கயிறு. கடைக்காரர் பசைக் குழாயை மட்டும் விற்று அனுப்பிவிடுவதால் இந்த விடயம் பலருக்குத் தெரியாது.

உட்பக்கத்தில் உப்பேறிய பூச்சைக் கறையின் எல்லையைத் தாண்டி ஒரு முழம் அளவுக்குக் கொத்தி எடுக்க வேண்டும். கொத்தியதை அங்கேயே குவிக்காமல் அப்புறப்படுத்துங்கள், அது முழுவதும் உப்பு. மறுபூச்சுக்குச் சுண்ணாம்பும் நன்கு கழுவிய ஆற்று மணலும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. கழிமுகத்துக்கு அண்மையில் எடுத்த மணலானால் உப்பு இருக்கக்கூடும், நன்னீரில் பலமுறை அலசித்தான் பாவிக்க வேண்டும். முருகைக்கல் சுடுவதை நினைக்கவே கூடாது. 1988இன் சட்டத் திருத்தம் அதைத் தடை செய்தது. கரையைக் காக்கும் முருகைக்கற்பார் அழிந்தால் வீடே மிஞ்சாது. மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பு போதும். முதல் பூச்சு மிச்ச உப்பை இழுத்துக்கொண்டு சில வருடத்தில் தானும் உதிரலாம். அப்போது அதைக் கொத்தி மறுபடி பூசுவது தோல்வி அல்ல. உப்பு அந்த வழியாகத்தான் வெளியேறும்.

படிக்கு மேலே நிழல் இருந்தால் இத்தனை பாடும் குறையும். இன்று கடல்சார் அருங்காட்சியகமாக இருக்கும் ஒல்லாந்தர் காலத்து மாளிகையின் வளைவுகள் கொண்ட விறாந்தையைப் பாருங்கள். மழை விறாந்தைக்குள்ளேயே நின்றுவிடும், யன்னலைத் தொடுவது குறைவு. குடும்பம் பெருகி விறாந்தையை அடைத்து அறையாக்கிய வீடுகளில்தான் யன்னல் நேரே வாடையைச் சந்திக்கிறது. விறாந்தையை மீட்க முடியாவிட்டால், யன்னலுக்கு மேலே இரண்டடி நீட்டிய ஒரு சிறு சாய்ப்பாவது போடலாம்.

இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் பூஞ்சணத்தை நினைக்க வேண்டும். பரப்பின் ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அது வளரும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமலும் மூச்சிழைப்பும் தொய்வும் கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி எடுத்துச் சொல்கிறது. அந்தச் சுவரோரம் பாயில் படுப்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

திருத்தின உடனே பெயின்ற் அடிக்க அவசரப்படக் கூடாது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது பிரித்தானியக் கட்டடக்காரரின் பழைய கைக்கணக்கு. குளிர் நாட்டுக் கணக்கானாலும் தடித்த சுவர் காய மாதக்கணக்கில் ஆகும் என்பது இங்கும் உண்மை. யன்னலைத் திறந்து வைத்து ஒரு முழுக் கச்சானையும் அந்தச் சுவருக்குக் கொடுங்கள். செப்ரெம்பரில் சுண்ணாம்பு வெள்ளை அடிக்கலாம். ஒக்டோபரில் முதல் மழை விழும்போது வெளியே போய்ப் படியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். காடிக்கு முன்னால் நனைந்தும் பின்னால் காய்ந்தும் இருக்க வேண்டும். பின்னாலும் நனைந்திருந்தால், வெள்ளை அடித்தவர் காடியையும் சேர்த்து மூடியிருப்பார். ஓர் ஆணியால் சுரண்டிவிட்டால் சரி.